மூன்றாவது வரியில் ஒரு செருமல்

கோந்த்வா, புனே
12 ஜூன் 2002

அன்புத் தம்பி தங்கராஜுக்கு,

அக்கா செல்வமேரி எழுதுவது. நானும் உன் மச்சானும் கீர்த்தியும் மாதா புண்ணியத்தில் நலம். அம்மாவின் முழங்கால் வலி, அப்பாவின் கோபம் இரண்டும் எப்படி இருக்கின்றன? முதலாவதற்கு மட்டும் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

நீ பி.காம். தேறிய கடிதத்தை ஆபீஸ் வரைக்கும் கொண்டுபோய் நாலு பேரிடம் காட்டினேன். தமிழ் தெரியாதவர்களும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கேம்ப் பகுதியில் எங்கள் கால் சென்டருக்கு நாற்பது பேரை எடுக்கிறார்கள். அமெரிக்காக்காரன் விமானத்தில் பெட்டியைத் தொலைத்துவிட்டு போன் செய்வான். நாம் இங்கே உட்கார்ந்து தேடித் தர வேண்டும். பெட்டியைத் தேடுவது பெரிய காரியமில்லை. நாம் எந்த ஊர் என்று அவன் காதுக்குத் தெரியாமல் இங்கிலீஷ் பேசுவதுதான் வேலை. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம்.

உள்ளூரோ வெளியூரோ, எல்லோருக்கும் போனிலேயே தேர்வு. ஜெனிபர் என்று ஒரு பெண் எடுப்பாள். சிவப்புப் பெட்டி தொலைந்ததைப் பற்றி எட்டு வரி. இதோடு வைத்திருக்கிறேன். நீ வாசிக்க வாசிக்க அவள் கேசட்டில் பிடித்துக்கொள்வாள். பெயர் மட்டும் சொல்லக் கூடாது, அது விதி. கேசட்டோடு வரும் படிவத்திலும் பெயரை மடித்து ஸ்டேப்ளர் அடித்திருப்பார்கள். மார்க் போடுகிறவருக்கு ஊர், பள்ளி, தாய்மொழி மட்டும் தெரியும். சொந்தக்காரர் என்றால் முன்பே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் விதி.

கையில் ஆர்டர் இருந்தால் அப்பா உன்னைத் தடுக்க முடியாது. நீ இங்கே வந்துவிடுவாய். எட்டு வருடம் ஆயிற்று, தங்கம். நான் உன் மச்சானைக் கட்டிக்கொண்டு புனேக்கு வந்த வாரம், அப்பா உன்னை மாதா கோயில் பீடத்துக்கு இழுத்துப்போய், “ஓடிப்போனவளோட பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணுல” என்றார். உனக்குப் பதின்மூன்று வயது. பேச மாட்டேன் என்றுதானே சத்தியம், எழுத மாட்டேன் என்று இல்லையே என்று நீயே ஒரு வழி கண்டுபிடித்து, என்னோடு படித்த ஜம்புவின் கடை விலாசத்திலிருந்து முதல் கடிதம் போட்டாய். உன் குரல் உடைந்த பிறகு நான் கேட்டதே இல்லை. என் மனதில் நீ இன்னும் கீச்சுக்குரலில்தான் கடிதம் எழுதுகிறாய்.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா
செல்வமேரி


ஜம்பு ஜெராக்ஸ், தூத்துக்குடி
25 ஜூன் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கராஜ் வணக்கம். அம்மாவுக்குத் தைலம் கேட்கிறது. ஜம்பு அண்ணன் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறேன். அப்பா அதை மோந்து பார்த்துவிட்டு மூடியை இறுக்கி வைத்துவிட்டார்.

எட்டு வரியும் மனப்பாடம். ஜம்பு அண்ணன் கடையில் யாரும் இல்லாத நேரம் வாசித்துக்காட்டுகிறேன். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, ஆனாலும் “பெட்டி கெடச்ச மாரியே இருக்குடே” என்கிறார். இப்போது மாதா கோயிலில் ஞாயிறு இரண்டாம் பூசைக்கு வாசகம் வாசிப்பது நான்தான் என்று உனக்குச் சொன்னேனா? தமிழ்தான். ஆனாலும் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கிறது என்று பங்குச்சாமியே சொன்னார்.

ஜூலை ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு பூத்திலிருந்து பேசுகிறேன். எனக்கு மார்க் போடப்போவது யார் அக்கா? நீயா? நீயாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு, இன்னும் நாலு தடவை வாசித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

மச்சானுக்கு வணக்கம். கீர்த்திக்கு முத்தம்.

தம்பி
தங்கராஜ்


புனே
10 ஜூலை 2002

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். நேற்று பத்து மணிக்கு ஜெனிபர் போனை எடுத்துத் தூத்துக்குடி என்று எழுதிக்கொண்டாள், நீதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் அடுத்த மேசையில்தான் இருக்கிறாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், மறுபடி வந்து உட்கார்ந்தேன், மறுபடி போய்த் தண்ணீர் குடித்தேன். போனை வாங்கியிருக்கலாம். உன் சத்தியத்தை நான் உடைப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

மார்க் நான் போடவில்லை. வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கவலைப்படாதே.

இங்கே மழை விடாமல் அடிக்கிறது. நேற்றைய கேசட்டுக் கட்டு முழுவதையும் ஜெனிபர் ஆட்டோவில் நனைத்துக்கொண்டு மெயின் ஆபீஸுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பத்திரமாகத்தான் இருக்கிறதாம்.

அக்கா


(தபாலில் சேர்க்காத கடிதம்)
புனே
14 ஜூலை 2002

தங்கம்,

இதை அனுப்பமாட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

மார்க் நான்தான் போட்டேன். கட்டு மெயின் ஆபீஸிலிருந்து திரும்பி என் மேசைக்கே வந்தது. ஒரு படிவத்தில் ஊர் தூத்துக்குடி, உன் பள்ளி, தாய்மொழி தமிழ். இது என் தம்பி, வேறு யாராவது கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேசட்டை விட்டுக்கொடுத்தால் உன் குரல் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்தேன். காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எவ்வளவு கனமான குரல்! முதல் வரியிலேயே அழுதுவிட்டேன். மூன்றாவது வரியில் தொண்டையைச் செருமினாய் பார், அப்பாவே வந்து பின்னால் நின்ற மாதிரி இருந்தது. பிறகு ஒவ்வொரு சொல்லிலும் நம் ஊர்தான் கேட்டது. அந்த அவசரம், அந்த அழுத்தம், சொல்லின் வாலைக் கடித்துத் துப்புவது. அதைத்தான் ஒரு வருடம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து என் வாயிலிருந்து சுரண்டி எடுத்தேன். அது மறுபடி காதில் விழுந்ததும் எனக்கு ஆசையும் வந்தது, எரிச்சலும் வந்தது.

பத்துக்கு நாலு போட்டேன். ‘ஊர் வாடை மிக அதிகம்’ என்று எழுதினேன். தம்பி என்று தெரிந்து தூக்கிவிட்டாள் என நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது என்று கூடுதலாக ஒரு மார்க் குறைத்தேனா? தெரியவில்லை. குறைத்திருப்பேன். அதே கட்டுக்குள் இருந்த ஒரு புனேப் பையனுக்கு ஒன்பது போட்டேன். கேம்ப் கான்வென்ட்டில் படித்தவன், கேட்பானேன். ‘எந்த ஊர் என்றே தெரியவில்லை. இந்தக் குரலைத்தான் தேடுகிறோம்’ என்று எழுதிவைத்தேன்.

தேறாதவர்களின் கேசட்டைக் குப்பையில் போடுவார்கள். உன்னுடையதை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கீர்த்திக்கு அது பிடித்துப்போய்விட்டது. “மம்மி, மாமாவோட கேசட் லாவ் நா” என்று காலையும் மாலையும் போடச் சொல்கிறாள். உன் மச்சான் மட்டும் பிம்ப்ரி ஷிப்டு முடிந்து வந்து கேட்டுவிட்டு, “அரே மேரி, இன்னா இது? நம்ம கட்கி பஸ் ஸ்டாப்புல நிக்கிற பசங்க பேசற மாதிரியே கீது” என்றார். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு எங்கள் ஊர்க் குரல் எப்படித் தெரியும்? எனக்கு வந்த கோபத்தில் டேப்பை அணைத்துவிட்டேன்.

நீ வரவில்லை. என்னால்தான் வரவில்லை.


புனே
28 ஜூலை 2002

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த முறை உனக்குக் கிடைக்கவில்லை. ஊர் வாடை அதிகம் என்று போட்டிருக்கிறார்கள். மனசை விட்டுவிடாதே. இங்கே பஞ்சாபிக்காரன், பெங்காலிக்காரன் எல்லோரையும் இதையே சொல்லித்தான் திருப்பி அனுப்புகிறார்கள். திருவிழாவுக்குக் கொடியேற்றம் ஆகியிருக்குமே, எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

அக்கா


தூத்துக்குடி
20 ஆகஸ்ட் 2002

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

ஊர் வாடை என்றால் என்ன அக்கா? எந்த வரியில் அடித்தது? சொன்னால் திருத்திக்கொள்வேன். புனேக்கு விண்ணப்பம் போட்டதை யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. சாப்பிடும்போது, “ஒன் அக்கா ஊர்லயே ஒன் வாய்க்கு மார்க்கு இல்லன்னுட்டானுவளே, இனி எங்கலே போவ?” என்று மட்டும் கேட்டார். அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள், தட்டு வழிந்துவிட்டது.

தங்கராஜ்


புனே
3 செப்டம்பர் 2002

அன்புத் தம்பிக்கு,

நலம். கீர்த்திக்கு ஜுரம் வந்துவிட்டது. அவளுக்கு இப்போது தமிழைவிட மராத்திதான் சரளம், ஜுரத்தில்கூட மராத்தியில்தான் உளறுகிறாள்.

கேட்டாயே, சொல்கிறேன். நீ அவசரப்படுகிறாய். ‘லக்கேஜ்’ என்பதை முதல் பாதியிலேயே போட்டு அமுக்குகிறாய். ஐந்தாவது வரியில் மூச்சு எடுக்காமல் ஓடி, முடிவில் குரலைக் கீழே போட்டுவிடுகிறாய். மூன்றாவது வரியில் தொண்டையைச் செருமினாய், இருமல் மாதிரி. போனில் அது கூடாது. இதையெல்லாம் சரிசெய்துவிட்டால் அடுத்த தடவை யாரும் அசைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வாசகத்தை விட்டுவிடாதே.

அக்கா


தூத்துக்குடி
22 செப்டம்பர் 2002

அக்காவுக்கு,

நலம். கீர்த்திக்கு ஜுரம் எப்படி இருக்கிறது?

நான் எங்கும் செருமவில்லை. இருமவும் இல்லை. ஜம்பு அண்ணன் பூத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார், அவரையும் கேட்டுவிட்டேன். ஐந்தாவது வரிக்கு முன்னால் மூச்சு எடுக்க வேண்டும் என்று தாளில் பென்சில் கோடு போட்டுவைத்திருந்தேன், எடுத்தேன்.

வேறு ஆட்கள்தான் மார்க் போட்டார்கள் என்றாய். அப்படியானால் நீ எப்போது கேட்டாய்?

தங்கராஜ்


புனே
1 அக்டோபர் 2002

அன்புத் தம்பிக்கு,

கீர்த்திக்குத் தேவலை. போனில் பேசும்போது நாம் செய்வது நமக்கே தெரியாது, அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. வருகிற திங்கட்கிழமை புது ஆட்கள் சேருகிறார்கள், எனக்குத் தலைக்கு மேல் வேலை. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா


ஜம்பு ஜெராக்ஸ், தூத்துக்குடி
19 நவம்பர் 2002

மேரிக்கு ஜம்பு எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் சுகம். நான் கார்டு எழுதிப் பல வருடம் ஆகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடைசிக் கடிதம் ஒன்றரை மாதமாக என் மேசை டிராயரில் இருக்கிறது. தங்கராஜ் வாங்க மாட்டேன் என்கிறான். கடைக்கு வருகிறான், உட்காருகிறான், போகிறான். கோயிலில் வாசகத்தை விட்டுவிட்டான். பங்குச்சாமி கேட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றானாம். போன வாரம் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். போனான், கேட்ட கேள்விக்கு வாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டான். பதில் தெரியாமல் இல்லை. “வாயத் தொறந்தா வாடை அடிக்கும்ணே” என்கிறான்.

உங்களுக்குள் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவள் நீ. சீக்கிரம் எதையாவது செய்.

ஜம்பு


புனே
24 நவம்பர் 2002

ஜம்புவுக்கு,

கார்டு கிடைத்தது. இதோடு இருப்பதைத் தங்கராஜ் வாங்காவிட்டால், அவன் கடையில் உட்கார்ந்திருக்கும்போது நீ சத்தமாகப் படி. ஒரு வரியும் விடாதே. எனக்கு மானம் போனால் போகட்டும்.

தங்கம்,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. ஜூலையில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த ஒரு கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிட்டு இதற்கு வா.

படித்துவிட்டாயா? உனக்கு நாலு மார்க் போட்டவள் நான். அதை மறைத்தவளும் நான். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது.

அக்டோபர் ஏழாம் தேதி புது ஆட்கள் வந்தார்கள். முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து அதே எட்டு வரியை மறுபடி வாசிக்க வேண்டும். ஏழாவதாக எழுந்தவன் அமோல் பட்வர்த்தன், நான் ஒன்பது போட்ட புனேப் பையன். வீட்டில் மராத்தி. தூத்துக்குடி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவன் வாயைத் திறந்தான். உன் குரல் வந்தது. நான் மூன்று மாதமாகக் காலையும் மாலையும் கேட்ட குரல், கீர்த்தி மாமா மாமா என்று கொண்டாடிய குரல். மூன்றாவது வரியில் செருமினான். நான் வெளியே ஓடிப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜெனிபரைப் பிடித்துக் கேட்டேன். “அன்னிக்கு ஆட்டோல எல்லாமே பீக் கயா, நனைஞ்சிடுச்சு மேடம். கேசட்டு மேல நம்பர் ஸ்டிக்கர் ரெண்டு உரிஞ்சிடுச்சு. அந்தாஜ்ல, ஒரு குத்துமதிப்பா ஒட்டிட்டேன், கரெக்டாத்தான் இருக்கும்னு” என்றாள். இரண்டே இரண்டு கேசட். ஒன்று அவனுடையது, ஒன்று உன்னுடையது.

அப்படியானால் உன் குரலை நான் கேட்டேன், தங்கம். படிவத்தில் புனே, கேம்ப் கான்வென்ட் என்று இருந்தது. எந்த ஊர் என்றே தெரியவில்லை என்று எழுதினேன். ஒரே தடவை கேட்டு, ஒன்பது போட்டு, அடுத்த கேசட்டை எடுத்துவிட்டேன். அது என் தம்பி என்று எனக்குத் தெரியவில்லை. வேறு எவனோ படித்ததில் நம் ஊரையும் கேட்டேன், அப்பாவையும் கேட்டேன், அழவும் அழுதேன். தாளில் இருந்ததைத்தான் என் காது கேட்டிருக்கிறது. இதற்குத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள். உன் மச்சான் முதல் நாளே சரியாகச் சொன்னார், அவரைத் திட்டினேன். செருமவில்லை என்று நீ எழுதினாய், உன்னை நம்பவில்லை.

உன் கேசட்டைத் தேடி ஆபீஸ் முழுவதும் அலைந்தேன். தேறினவர்களின் கேசட்டை அழித்து அடுத்த ஆளுக்குப் பயன்படுத்துவார்கள். அதில் இப்போது நாக்பூர்ப் பெண் ஒருத்தி பேசுகிறாள்.

ஒன்றரை மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அமோல் நன்றாக வேலை செய்கிறான், அவன் பிழைப்பைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் வேலைக்குத்தான் பயந்தேன். ஜம்புவின் கார்டு வந்த அன்றே மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அமோலை அனுப்ப முடியாது, அவன் பேசிய வாடிக்கையாளர்களுக்குத் திருப்தி என்றார். போன வாரம் ஒரு அமெரிக்காக்காரி அவனை நீ அயர்லாந்தா என்று கேட்டாளாம். நான் இனி மார்க் போடக் கூடாது, டிசம்பரிலிருந்து மற்றவர்களோடு உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும். ஒன்பது மார்க் உன்னுடையது என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். ஜனவரியில் சேரும் கூட்டத்தில் உனக்கு இடம் உண்டு, மறுபடி தேர்வு இல்லை. வேண்டுமா, வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் வாயில் வாடை எதுவும் இல்லை, தங்கம். என் காதில்தான் இருந்தது. தயவுசெய்து கோயிலில் போய் வாசி.

கீர்த்தி இன்னமும் மாமா கேசட் கேட்கிறாள். அவளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா
செல்வமேரி


தூத்துக்குடி
14 டிசம்பர் 2002

அக்காவுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் தேவலை. அப்பா அப்படியேதான் இருக்கிறார்.

ஜம்பு அண்ணன் சத்தமாகத்தான் படித்தார். நடுவில் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு வாத்தியார் பாதியைக் கேட்டுவிட்டு, மீதியையும் கேட்க உட்கார்ந்துவிட்டார். அவரை அனுப்பிவிட்டு இரண்டு கடிதத்தையும் நானே வாங்கி மறுபடி படித்தேன். பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

எனக்குக் கோபம் தீரவில்லை. நாலு மார்க்குக்காக இல்லை. செருமவில்லை என்று எழுதினேனே, அன்றைக்கே நீ என்னை நம்பியிருக்கலாம். நாலு மாதம் என் வாயை நானே ஒட்டுக்கேட்டுக்கொண்டு அலைந்தேன். கடையில் டீ கேட்கக்கூட யோசித்து நின்றிருக்கிறேன். அதை நீ எந்தத் தாளில் எழுதிக்கொடுத்தாலும் திருப்பித் தர முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். முதல் வரியில் நடுங்கியது. அம்மா இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சரியாகிவிட்டது.

ஜனவரி வேலையைப் பற்றி இப்போது ஒன்றும் எழுத மாட்டேன்.

டிசம்பர் இருபத்திரண்டு, ஞாயிறு. பூசை முடிந்து காலை பதினோரு மணிக்கு அதே பூத்திலிருந்து உன் கோந்த்வா வீட்டுக்கு போன் வரும். மச்சானை எடுக்க விடாதே, கீர்த்தியையும் எடுக்க விடாதே. நீ எடு. அந்த எட்டு வரியையும் வாசிப்பேன். பேச மாட்டேன் என்றுதானே சத்தியம், வாசிக்க மாட்டேன் என்று இல்லை. எட்டு வரிக்கு மேல் வாய் நிற்காமல் போனால், அதற்கு மாதாவிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கீர்த்தியைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள். உண்மையான மாமாவை அவளும் கேட்கட்டும்.

பெயர் சொல்ல மாட்டேன். அதுதானே உங்கள் விதி. யார் என்று இந்தத் தடவையாவது நீயே கண்டுபிடி.

தம்பி